இலையே போதும் என்றேன்

நாற்றங்காலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பற்றி யாரோ உங்களிடம் கதை கட்டியிருக்கிறார்கள். போன மாதம் நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோதே தெரிந்துவிட்டது. "மேடம், மறியலுக்கு நடுவுல மலையேறிப் போய் அந்தப் பாறைப் பூவைக் காப்பாத்தினீங்களாமே" என்று உங்களில் ஒரு பெண் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை. நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பூவை நான் காப்பாற்றவில்லை. அது பிழைத்ததை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் வெட்கம்தான் வருகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரிந்தால் நல்லது, ஏனென்றால் அதே தப்பைச் செய்ய உங்களுக்கும் எல்லா வசதியும் இருக்கிறது.

முதலில் பூ. கானாவாழை தெரியாதவர்கள் உங்களில் இருக்க மாட்டார்கள். இருந்தால் தயவுசெய்து வேறு வேலை பாருங்கள். பாறைப் பூ அந்தக் கானாவாழைக் குடும்பம்தான். புல் மாதிரி ஒல்லி இலை, சுண்டுவிரல் நகத்தில் உட்காரும் அளவு பூ, நல்ல அடர் நீலம். வெயில் ஏறும்போது விரியும். முற்பகல் முடிவதற்குள் கரைந்து ஒரு சொட்டு நீலத் தண்ணீர் ஆகிவிடும். காகிதத்தில் அழுத்தி உலர்த்தினால் கறைதான் மிஞ்சும். ஆகவே அது இன்னதுதான் என்று சொல்ல வேண்டுமானால் காலையில், பூ விரிந்திருக்கும் நேரத்தில், லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிய வேண்டும். இலையை மட்டும் பார்த்தால் அதற்கும், நெல் வயலில் களையாக மண்டும் அதன் ஒன்றுவிட்ட உறவுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்த தப்பாக இருந்திருந்தால் இவ்வளவு பேசமாட்டேன்.

கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊருக்கு மேலே இருந்த பாறைச் சரிவில் அந்தப் பூ இருந்தது. வேறெங்கும் இருப்பதாக அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில்தான் பூ. அந்த ஈரம்தான் கீழே ஒரு குழியில் சேர்ந்து ஊருக்குக் குடிதண்ணீர். எங்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டியவர் சின்னப்பொண்ணு என்ற அம்மாள். சாமை விதைத்து ஆடு மேய்க்கிற குடும்பம்.

"பூவுன்னா ஆளு வந்து பாக்கறீங்க. எங்களுக்கு அந்த ஊத்துதாம்மா. அது போச்சின்னா கொடத்த எடுத்துக்கினு ஓடைக்கு எறங்கி ஏறணும். வயசானவங்கல்லாம் இன்னா பண்ணுவாங்க?" என்றார்.

அந்தச் சரிவில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் வெட்டித் தைலமரம் நட எங்கள் வனத்துறையே திட்டம் போட்டிருந்தது. பள்ளம் வெட்டினால் பாறையின் கசிவு எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு குடத்தளவு ஊற்றுக்காக எந்தத் திட்டமும் நிற்காது. வேறெங்கும் இல்லாத பூ என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள். எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர். அவர் ஒரு வழி சொன்னார். கீழே கள்ளக்குறிச்சி நாற்றங்காலில் அந்தப் பூவை வளர்க்க முடிந்தால் சரிவில் வேலையை ஆரம்பிக்கலாம், முடியாவிட்டால் சரிவை விட்டுவிடலாம். வளர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதாவது, நான் தோற்றால் அந்த ஊருக்குத் தண்ணீர் நிலைக்கும். நான் ஜெயித்தால் அது போய்விடலாம். இது எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. ஆனாலும் ஜெயிக்கத்தான் ஆசைப்பட்டேன். இந்தப் பூவை முதலில் தொட்டியில் வளர்த்துக் காட்டியவள் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. ஊற்று அப்படியெல்லாம் போய்விடாது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மலையிலிருந்து விதை கொண்டுவந்து தொட்டிகளில் தூவினேன். செம்மண், மணல், தொழுஉரம், அதோடு பக்கத்து ஏரி வண்டல். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நீங்களும் கைவிடாதீர்கள். அதே மண்ணை நிரப்பி, விதை போடாமல், ஒரு தொட்டியை வரிசையில் வைப்போம். அதற்கும் மற்றவற்றைப் போலவே தண்ணீர் ஊற்றுவோம். வெறுந்தொட்டி என்று பெயர். அதில் ஏதாவது முளைத்தால் அது மண்ணோடு வந்த களை என்று அர்த்தம். அதே முளை மற்ற தொட்டியிலும் இருந்தால் சந்தோஷப்படாதே என்று அர்த்தம்.

என் தொட்டிகளில் பச்சை கிளம்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெறுந்தொட்டியிலும் அதே மாதிரி ஓர் ஒல்லி இலை எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றும்போது பக்கத்துத் தொட்டியிலிருந்து விதை தெறித்து விழுந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். இலையைப் பிடுங்கி எறிந்தேன். பார்வைக்கு ஆட்கள் வரும்போது நடுவில் ஒரு காலித் தொட்டி இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று அதைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். படித்தவள் செய்கிற காரியமா இது? நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

செடிகள் இன்னும் மொட்டு விடவில்லை. அதற்குள் ஒரு நாள் காலை மேலதிகாரியின் ஜீப் வந்து நின்றது. மறியல் வரப்போகிறது, சாலை எப்போது அடைபடும் என்று தெரியாது, மழை ஈரம் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆயிரம் அவசரம். ஜீப்பை விட்டு இறங்காமலே கேட்டார்.

"என்னம்மா, பூ நம்மகிட்ட பத்திரமா இருக்குன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம் சார்."

"பூத்துப் பாத்தீங்களா?"

"பூக்கணும்னு இல்ல சார். எனக்கு இலையே போதும்."

அவர் என்னை நம்பினார். தைலமரக் கன்றுகளும் வேலையாட்களும் உளுந்தூர்பேட்டை வழியாக லாரியில் வர ஏற்பாடு செய்தார். அந்த வாரமே மலையில் வேறொரு வேலையாகப் போயிருந்தபோது சின்னப்பொண்ணுவிடமும் சொன்னேன். "உங்க பூ எங்ககிட்ட பத்திரமா இருக்குங்க." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூவு இருக்கும். சரி" என்றார்.

பிறகு மறியல் ஆரம்பித்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து மாவட்டங்கள் எல்லாம் ஸ்தம்பித்த நாட்கள். உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சில ஊர்களில் உயிர்களும் போயின. நான் தெற்கே ஒரு டவுனில் பிறந்தவள். எனக்கு இந்தப் பக்கத்து மனிதர்களின் கஷ்டம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அக்கறைப்படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மரம். முதல் நாள் கச்சிராயபாளையம் சாலையில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டதும், விழுந்து கிடந்த புளிய மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கத்தினேன்.

"உங்களுக்கு வேலை வேணும்னா மரம் என்ன பண்ணுச்சு? இது எத்தனை வருஷத்து மரம் தெரியுமா? அறிவிருக்கா?"

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் இறங்கி வந்தார். மரவள்ளி போடுகிற குத்தகை விவசாயி, ஏழுமலை என்று பெயர். பெயரெல்லாம் பிறகுதான் தெரியும்.

"தெரியும்மா. எங்க தாத்தா காலத்து மரம். பாவந்தான்" என்றார். "மனு குடுத்தோம், ஒருத்தரும் நிக்கல. மரத்தப் போட்டோம், எல்லாரும் நிக்கறாங்க. நீங்க கூட இப்போ நின்னு பேசிக்கினு இருக்கீங்களே."

"காட்டுமிராண்டிங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வயல் வழியாக நடந்தேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

சில நாள் கழித்து, மறியல் தொடர்ந்துகொண்டிருக்கையிலேயே, காலையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஒரு தொட்டியில் பூ விரிந்திருந்தது. வெளிர் ஊதா. லென்சை எடுத்துக் குனிந்தேன். பாறைப் பூவுக்கு மகரந்தத் தாள் அத்தனையிலும் நீல மயிர் அடர்ந்திருக்கும். இதில் பேருக்குச் சில இழைகள். இதழும் சிறுத்து இருந்தது. வயல் களை. ஏரி வண்டலோடு வந்த களை. மொட்டு விட்டிருந்த மற்ற தொட்டிகளிலும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் அதுவே. மலையிலிருந்து நான் கொண்டுவந்த விதையில் ஒன்றுகூட முளைத்திருக்கவில்லை. இத்தனை நாளும் களைக்குத்தான் பூவாளியால் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.

என் கை அந்தப் பூவைக் கிள்ளப் போனது. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கிள்ளக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், கொஞ்ச நேரத்தில் அதுவே கரைந்துவிடும். நாற்றங்காலில் அன்று வேறு யாரும் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து இதை யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பிறகு சின்னப்பொண்ணு "சரி" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. எழுந்துவிட்டேன்.

லாரி வருவதாகச் சொன்ன நாள் அதுதான். போலீஸ் காவலோடு சில லாரிகள் போய்வருவதாகப் பேச்சு இருந்தது. போன் கம்பியெல்லாம் மரத்தோடு அறுந்து கிடந்தது. மேலதிகாரி விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மலைக்குப் போய் நேரில் நிறுத்தினால்தான் உண்டு. ஒரு பையில் லென்சைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

அதே புளிய மரம். அதே ஏழுமலை.

"இன்னாம்மா, இன்னிக்கும் மரத்துக்காவ வந்தீங்களா?" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு ஊரின் தண்ணீர் போகப்போகிறது, என்னால் போகப்போகிறது, விடுங்கள் என்று. சொல்லவில்லை. மரத்தை வெட்டுகிற ஆளுக்கு ஊற்றைப் பற்றி என்ன தெரியும், பூ என்றால் கேலி செய்வான் என்று நினைத்தேன். பிரசவம் என்றால் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"எங்க அக்காவுக்குப் பிரசவ வலி. மலையில இருக்காங்க. அத்தான் அங்க வாத்தியார்" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏழுமலை திரும்பி யாரிடமோ சைக்கிளை வாங்கினார். தோளில் இருந்த துண்டை மடித்துக் கேரியரில் போட்டார். "உக்காருங்க. ரோட்டுல போவ முடியாது, மேல மேல மரம் கெடக்குது. வரப்பு மேலயே போயிடலாம்."

முன்பின் தெரியாத ஆண் ஓட்டும் சைக்கிளில் ஒரு பெண் உட்கார்ந்து போவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. அவர் அதை யோசித்ததாகவே தெரியவில்லை. கரும்புக் கொல்லை நடுவே, வாய்க்கால் ஓரத்தில், மழையில் ஊறிய மண்ணில், மூச்சு வாங்க மிதித்தார். சக்கரம் புதைந்த இடத்தில் என்னை இறங்கவிடாமல் சைக்கிளைத் தள்ளினார்.

"மொத பிரசவமாம்மா?"

"ஆமாங்க."

"பயப்படாதீங்க. எங்க வூட்லயும் மாசமாத்தான் இருக்குது. அதுவும் மொதலு. வலின்னா எனக்கு இங்க பதறுது." பிறகு கொஞ்ச தூரம் போய், "அக்கா பேரு இன்னாங்க?" என்றார்.

ஒரு பெயர் சொன்னேன். அந்தப் பெயரில் எனக்கு யாரும் இல்லை.

மலை அடிவாரத்தில் இறக்கிவிட்டார். மேலே வரைக்கும் துணைக்கு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் சட்டை முழுக்க வேர்வை. நான் ஒற்றையடிப் பாதையில் திரும்பி முதல் வளைவைத் தாண்டும்வரை அவர் அங்கேயே நின்றிருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தேனே தவிர, அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மேலே போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னப்பொண்ணு ஊற்றுக் குழியில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரிவு அப்படியே இருந்தது. ஒரு மண்வெட்டிகூட விழவில்லை.

"லாரி?" என்றேன்.

"எங்க வர்றது? கீழ ரோட்டெல்லாம் மரத்தப் போட்டு வெச்சிருக்காங்களாமே. உளுந்தூர்பேட்டையிலயே நின்னுபோச்சாம், கன்னெல்லாம் வாடிக்கினு இருக்குதாம். எவன் போட்டானோ, அவன் வூடு நல்லா இருக்கட்டும்."

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். யாரைக் காட்டுமிராண்டி என்றேனோ அவர்கள் போட்ட மரத்தால்தான் அந்தத் தண்ணீர் அன்று அங்கே இருந்தது. என் வாயால் போகவேண்டியது அவர்களால் தப்பியிருக்கிறது. சின்னப்பொண்ணுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியில் இருப்பது அவர்கள் பூ இல்லை, வயல் களை என்று சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"களைக்கா இத்தினி நாளா தண்ணி ஊத்திக்கினு இருந்தீங்க? எங்க கொல்லைக்கு வந்திருந்தா களைய ஜாஸ்தியா குடுத்திருப்பனே!"

சிரித்து முடித்துவிட்டு, "வந்து சொன்னீங்களே, அது போதும்" என்று ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

மறுநாள் காலையில் சரிவு முழுக்க நீலம். லென்சை வைத்து ஒவ்வொரு பூவாகப் பார்த்தேன். செய்யவேண்டிய வேலையை அன்றுதான் செய்தேன். மறியல் ஓய்ந்ததும் மேலதிகாரியிடம் போய், பூ நம்மிடம் இல்லை, வளர்த்ததாக நான் சொன்னது தப்பு என்றேன். அவர் சரிவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். மறியல் நாளில் நான் மலையேறிய செய்தி மட்டும் எப்படியோ துறைக்குள் பரவி, வளர்ந்து, உங்கள் காதுவரை வந்திருக்கிறது. நடுவில் எத்தனையோ கூட்டங்களில் என் முன்னாலேயே அதைச் சொல்லிக் கைதட்டியிருக்கிறார்கள். நானும் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை.

மழைக்காலம் முடிகிற சமயம். நாற்றங்காலில் பாறை மணலைச் சட்டியில் வறுத்துக்கொண்டிருந்தேன். இனி களை விதை உயிரோடு வரக்கூடாது என்று அப்படி ஒரு வெறி. வாசலில் ஒரு ஆணும் நிறைமாதப் பெண்ணும் நின்றார்கள். ஏழுமலை இளைத்துப்போயிருந்தார்.

"மரத்துக்காவ சண்ட போட்ட அம்மா யாருன்னு கேட்டேன், நர்சரிம்மான்னாங்க, விசாரிச்சிக்கினு வந்தோம்" என்றார். "உள்ள தூக்கிப் போட்டுட்டாங்க. இப்போதான் வெளிய வந்தேன், இல்லன்னா முன்னயே வந்திருப்பேன். அக்கா எப்பிடி இருக்காங்க? இன்னா கொழந்த?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி அஞ்சலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். குங்குமம்.

"ரிஷிவந்தியம் கோயிலுது. இவரு உள்ள இருக்கச்சொல்ல இவருக்காவ வேண்டிக்கினேன். அப்பிடியே உங்க அக்கா பேரையும் சொல்லி வேண்டிக்கினேன். அன்னிக்கி வந்து சொன்னாரு, மனசு கேக்கல. அக்காவுக்கு இத வெச்சி வுடுங்க."

அவர் நிற்கும் நிலையைப் பார்த்தேன். அந்த வயிற்றோடு பஸ் ஏறி, கணவன் ஜெயிலில் இருக்கும்போது, இல்லாத ஒருத்திக்காக வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். குங்குமத்தை வாங்கிக்கொண்டு, "பையன், நல்லா இருக்கான்" என்று சொல்லியிருந்தால் அவர்கள் சந்தோஷமாகப் போயிருப்பார்கள். சொல்ல வாய் திறந்தும்விட்டேன். முடியவில்லை.

"எனக்கு அக்காவே கிடையாதுங்க. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

அஞ்சலை நீட்டிய கையை மடக்கவில்லை. ஏழுமலைதான் கேட்டார், மெதுவாக.

"அப்போ எதுக்குப் போனீங்க?"

சொன்னேன். பூவை, களையை, பாறைச் சரிவை, ஊற்றை, குடத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாளை. லாரி ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன். நான் எதிர்பார்த்த கேலி வரவில்லை. அவர் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"தண்ணி தப்பிச்சிதா?" என்றார்.

"தப்பிச்சுதுங்க."

ஏழுமலை தலையை ஆட்டினார். மனைவியின் கையிலிருந்த பொட்டலத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, கிளம்பத் திரும்பினார். வாசல் வரை போனவர் நின்றார்.

"ஊருக்குக் குடிக்கிற தண்ணின்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னும் வெரசா மிதிச்சிருப்பனேம்மா" என்றார்.